கூகுளுக்கு எதற்கு நன்றி, தம்பி?

கேள்வி: சார், குமுளியில் அப்பா காலத்திலிருந்து ஏலக்காய், மிளகு, கிராம்புக் கடை வைத்திருக்கிறோம். பூர்வீகம் கம்பம். இரண்டு வருஷத்துக்கு முன் ஆன்லைனிலும் விற்கலாம் என்று ஒரு வெப்சைட் போட்டோம். கட்டப்பனையில் ஒரு டிசைனர் பையன் செய்து கொடுத்தான். படங்களை அவன்தான் கூகுளிலிருந்து எடுத்துப் போட்டான். ஒன்றில் மூலையில் ஏதோ பெயர் இருந்தது, அதை வெட்டிவிட்டான். எல்லாப் படத்துக்கும் கீழே 'நன்றி: கூகுள்' என்று மறக்காமல் போட்டிருந்தோம். போன வாரம் டெல்லியிலிருந்து ஒரு வக்கீல் நோட்டீஸ் மெயிலில் வந்தது. ஒரு ஏலக்காய்ப் படத்துக்கும் ஒரு மிளகுப் படத்துக்கும் சேர்த்து 1,20,000 ரூபாய், 7 நாளில் கட்டாவிட்டால் பதிப்புரிமைச் சட்டம் 63ஆம் பிரிவில் கிரிமினல் கேஸ் என்கிறார்கள். அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை. கிரெடிட் கொடுத்துத்தானே போட்டோம்? பணம் கட்டணுமா? இனிமேல் படத்துக்கு எங்கே போவது?

பதில்:

தம்பி, இன்றைக்குப் பணம் கட்டாதீர்கள். கட்டவே வேண்டியதில்லை என்று சொல்ல வரவில்லை, கடைசியில் கொஞ்சம் கட்ட வேண்டி வரலாம். ஆனால் யார் கேட்கிறார்கள், அந்தப் படம் அவர்களுடையதுதானா, கேட்கிற தொகைக்குக் கணக்கு என்ன என்று எதுவும் தெரியாமல் 7 நாள் கெடுவுக்குப் பயந்து அனுப்புவது, மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் விலை பேசுவது போல. உங்கள் கடையில் யாரும் அதைச் செய்ய மாட்டார்கள். அப்புறம், அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். அடுத்த நோட்டீஸ் பதிவுத் தபாலில் வந்தால் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர்தான் கையெழுத்துப் போட்டு வாங்குவார்.

'நன்றி: கூகுள்' விஷயம். கூகுள் படம் எடுப்பதில்லை. யாரோ எடுத்து எங்கேயோ போட்டதைத் தேடிக் காட்டுகிறது, அவ்வளவுதான். படத்தைத் தொட்டால், இதற்குப் பதிப்புரிமை இருக்கலாம் என்று சின்ன எழுத்தில் ஒரு வரியும் அதிலேயே இருக்கும், நாம்தான் படிப்பதில்லை. புட்டடி மையத்தில் ஏலக்காய் ஏலம் நடக்கும்போது லாட் நம்பரும் விலையும் திரையில் ஓடுகிறதே, அந்தத் திரைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு மூட்டையைத் தூக்கி ஜீப்பில் ஏற்ற முடியுமா? நீங்கள் செய்தது ஏறக்குறைய அதுதான். காய் யாருடையது என்று கேட்கவே இல்லை.

சரி, கூகுளுக்குப் பதிலாக எடுத்தவர் பெயரையே ஒழுங்காகப் போட்டிருந்தால்? பெயர் போடுவது வேறு, அனுமதி வாங்குவது வேறு. 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் படத்தை நகலெடுக்கவும் வெளியிடவும் உள்ள உரிமை 14ஆம் பிரிவில் இருக்கிறது, 'இதை எடுத்தவன் நான்' என்று சொல்லிக்கொள்ளும் உரிமை தனியாக 57ஆம் பிரிவில் இருக்கிறது. பெயரைப் போட்டு இரண்டாவதை மதித்துவிட்டதால் முதலாவதை மீறலாம் என்று ஆகாது. பலர் இதைக் காப்புரிமை என்று எழுதுகிறார்கள், அது பேட்டன்ட், கண்டுபிடிப்புகளுக்கு உரியது. நாம் பேசுவது பதிப்புரிமை. இதற்கு எந்த ஆபீசிலும் பதிவு செய்திருக்க வேண்டிய கட்டாயமில்லை, போனில் பொத்தானை அழுத்திய கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது, எடுத்தவர் ஆயுள் முழுக்கவும் அதற்கப்புறம் 60 வருஷமும் நிற்கிறது. வெளிநாட்டுக்காரர் எடுத்த படத்துக்கும் சர்வதேச ஒப்பந்தப்படி இங்கே அதே பாதுகாப்பு உண்டு.

ஆனாலும் பெயர் போடுவதை வீண் வேலை என்று நினைக்காதீர்கள். நீங்கள் அனுப்பிய இரண்டு படங்களையும் நான் கூகுள் லென்ஸிலும் டின்ஐ தளத்திலும் போட்டுப் பார்த்தேன் (படத்தைக் கொடுத்தால் அது இணையத்தில் எங்கெல்லாம் இருக்கிறது என்று இவை தேடிக் காட்டும்; டின்ஐயில் பழையது முதலில் வரும்படி வரிசைப்படுத்தலாம், ஒரு படம் முதன்முதலில் எங்கே தலைகாட்டியது என்பதற்கு ஓரளவு நல்ல துப்பு). இரண்டுக்கும் இரண்டு கதை.

ஏலக்காய்ப் படம் விலைக்கு விற்கிற தளம் ஒன்றில் இருக்கிறது. மூலையில் எடுத்தவர் பெயர் பளிச்சென்று தெரிகிறது, உங்கள் பையன் வெட்டியது அதைத்தான். கீழே உள்ள குறிப்பைப் படித்தபோது சிரிப்பு வந்துவிட்டது, மன்னியுங்கள். அது குவாத்தமாலாவில் எடுத்த படம். இடுக்கி மலை முழுக்க எந்த நாட்டுக் காய் வந்து விலையை இறக்குகிறது என்று புலம்புகிறோமோ, அந்த நாட்டுத் தோட்டத்துக் காயை 'எங்கள் தோட்டத்திலிருந்து நேரடியாக' என்று போட்டு விற்றிருக்கிறீர்கள். படத்தின் சொந்தக்காரர் விட்டுவிட்டாலும், வாங்குகிறவர் ஒருவர் கேட்டால் அது நுகர்வோர் சட்டத்தில் தவறான விளம்பரம். அந்த வரியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

மிளகுப் படம் வேறு மாதிரி. பாயில் மிளகு காயும் அந்தப் படம், எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தப் படங்களைச் சேர்த்து வைக்கும் விக்கிமீடியா காமன்ஸ் தளத்தில் இருக்கிறது, சிசி பிஒய்-எஸ்ஏ 4.0 (கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமங்களில் ஒரு வகை) உரிமத்தில். அதாவது எடுத்தவர் முன்கூட்டியே எல்லோருக்கும் அனுமதி கொடுத்துவிட்டார், வியாபாரத்துக்குக்கூட. அவர் கேட்பது தன் பெயர், உரிமத்தின் பெயர், இரண்டுக்கும் இணைப்பு, மாற்றம் செய்திருந்தால் அதைச் சொல்வது. படத்தை உருமாற்றிப் புதிதாக ஒன்று செய்தால் அதையும் இதே உரிமத்தில் விட வேண்டும். இப்படி ஒரு வரி போட்டிருந்தால் இந்தப் படத்துக்கு நோட்டீஸே வந்திருக்காது:

படம்: (எடுத்தவர் பெயர்), விக்கிமீடியா காமன்ஸ், சிசி பிஒய்-எஸ்ஏ 4.0, ஓரங்கள் வெட்டப்பட்டுள்ளன.

கூகுளுக்குச் சொன்ன நன்றியை அவருக்குச் சொல்லியிருந்தால் போதும், செலவு ஒரு பைசா இல்லை. நிபந்தனையை மீறினால் உரிமம் தானாக முறிந்துவிடும், ஆனால் 4.0 பதிப்பில் ஒரு சலுகை இருக்கிறது: தப்பு தெரியவந்த 30 நாளுக்குள் சரி செய்துவிட்டால் உரிமம் தானாகத் திரும்பி வரும். அதுவரை நடந்த மீறலுக்கு அவர் பணம் கேட்கும் உரிமை இதனால் போய்விடாது, என்றாலும் பேரம் பேசும்போது உங்கள் பக்கம் கனம் கூடும். நோட்டீஸ் போன வாரம்தான் வந்தது, அதனால் இந்த 30 நாளில் இன்னும் நாள் இருக்கிறது.

இப்போது நோட்டீஸ். முதலில் அது நிஜமா என்று பாருங்கள். பதிப்புரிமை மீறல் என்று மிரட்டி, 'ஆதாரம் இணைப்பில்' என்று சொல்லி, திறந்தால் வைரஸ் இறக்குகிற மெயில்கள் நிறைய சுற்றுகின்றன. இணைப்பைத் திறக்க வேண்டாம். அந்த வக்கீலின் பெயர், பதிவு எண், அலுவலக முகவரி ஆகியவற்றை நீங்களாகத் தேடி, அந்த எண்ணில் கூப்பிட்டுக் கேளுங்கள். நிஜம் என்றால் பக்கத்தை இருந்தது இருந்தபடி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, அப்புறம் இரண்டு படங்களையும் நீக்குங்கள். பயத்தில் முதலில் அழித்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். படம் எந்த அளவில், எந்தப் பக்கத்தில், எவ்வளவு நாள் இருந்தது என்பது உங்களுக்கே நாளைக்குத் தேவைப்படும். பேஸ்புக், வாட்ஸ்அப் கேட்டலாக், பாக்கெட் லேபிள் எங்கேயாவது அதே படம் இருக்கிறதா என்றும் பாருங்கள், அங்கே விட்டுவைத்தால் நீக்கியதாகவே அர்த்தமில்லை.

கெடுவுக்குள் நாலு வரி பதில் போதும். இப்படி எழுதலாம்: "உங்கள் நோட்டீஸ் கிடைத்தது. குறிப்பிட்ட படங்களை நீக்கிவிட்டோம், இதை உங்கள் கோரிக்கையை ஒப்புக்கொண்டதாகக் கொள்ள வேண்டாம். படத்தை எடுத்தவர் யார், உங்கள் கட்சிக்காரருக்கு உரிமை எப்படி வந்தது என்பதற்கான எழுத்து ஆவணம், இந்தப் படத்துக்கு அவர் வழக்கமாக வாங்கும் கட்டணத்துக்கான பில், இவற்றை அனுப்பவும்." மன்னிப்பு, டிசைனர் மேல் புகார், வியாபாரம் படுத்துவிட்ட கதை எதுவும் அதில் வேண்டாம்.

பில்லைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. படத்துக்கு இவ்வளவு என்று நம் சட்டத்தில் நிர்ணயித்த தொகை எதுவும் கிடையாது. சிவில் கோர்ட்டுக்குப் போனாலும் அவருக்கு என்ன நஷ்டம், உங்களுக்கு என்ன லாபம் என்றுதான் பேச்சு நடக்கும். அந்தத் தளத்தில் அந்த ஏலக்காய்ப் படத்தை முறையாக வாங்க என்ன விலை போட்டிருக்கிறது என்று நீங்களும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பேரம் அங்கிருந்து தொடங்கட்டும், 1,20,000இலிருந்து தொடங்க வேண்டாம். கடைசியில் ஒரு தொகைக்கு ஒத்துக்கொண்டால், 'இத்துடன் எல்லாக் கோரிக்கையும் தீர்ந்தது' என்று எழுதி வாங்கிய பிறகு, வங்கி வழியாக மட்டும் அனுப்புங்கள்.

63ஆம் பிரிவு வெறும் பூச்சாண்டி என்று சொல்ல மாட்டேன். தெரிந்தே மீறினால் 6 மாதம் முதல் 3 வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். இது போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய, ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத குற்றம் என்று 2022இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் 'தெரிந்தே' என்ற சொல் அங்கே முக்கியம். சிவில் பக்கத்திலும், உரிமை இருப்பதே எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளக் காரணமும் இல்லை என்று நிரூபித்தால் 55ஆம் பிரிவில் நஷ்ட ஈட்டிலிருந்து தப்பிக்க வழி உண்டு. உங்களுக்கு அந்த வழி குறுகல்தான், காரணம் நீங்கள் கடிதத்தில் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போன அந்த ஒரு வரி: மூலையில் பெயர் இருந்தது, வெட்டிவிட்டான். பெயரைப் பார்த்து வெட்டிய பிறகு தெரியாது என்று எப்படிச் சொல்வது? உரிமையைக் காட்டும் தகவலைத் தெரிந்தே நீக்குவதற்கு 2012 திருத்தத்தில் 65பி என்று தனிப் பிரிவே போட்டு 2 வருஷம் வரை சிறை வைத்திருக்கிறார்கள். நானாக இருந்தால் இந்தக் காரணத்துக்காகவே இதைக் கோர்ட் வரை விடாமல் பேசி முடிப்பேன். கூடவே, இந்த வழக்கை அவர் தான் குடியிருக்கிற, தொழில் செய்கிற ஊரின் மாவட்டக் கோர்ட்டிலேயே போடச் சட்டம் இடம் கொடுக்கிறது. நம் மாவட்டக் கோர்ட்டுக்காகத் தொடுபுழாவுக்குப் போய் வருவதே ஒரு நாள் வேலை, டெல்லியை யோசித்துப் பாருங்கள்.

டிசைனர்தானே செய்தான், நான் எப்படிப் பொறுப்பு என்று கேட்பீர்கள். சைட் உங்கள் பெயரில், விற்பனை உங்கள் கல்லாவில், அதனால் முதல் கேள்வி உங்களிடம்தான் வரும். அவனுக்குப் பணம் கொடுத்த பில், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள், நீங்கள் கட்ட நேர்ந்தால் அவனிடம் கேட்க அது வேண்டும். பையனைத் திட்டித் தீர்க்கவும் வேண்டாம், படத்துக்குத் தனியாகக் காசு கொடுத்தீர்களா என்று உங்களையே ஒரு தரம் கேட்டுப் பாருங்கள்.

இதில் நான் ஒன்றும் உத்தமன் இல்லை. சில வருஷம் முன்பு சித்ரா பௌர்ணமிக்கு மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குப் போயிருந்தேன். வருஷத்துக்கு அந்த ஒரு நாள்தானே, குமுளிப் பக்கமிருந்து ஜீப் ஜீப்பாக வருகிறார்கள், தமிழ்நாட்டுப் பக்கத்து ஜனம் பளியன்குடியிலிருந்து காட்டு வழியே ஏறி வருகிறது. மூடுபனி கொஞ்சம் விலகிய நேரத்தில் சரிந்த கல்மதிலில் ஒரு பெண் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார், மடியில் தூங்குகிற குழந்தை. எடுத்தேன், நன்றாக வந்தது, சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டேன். அடுத்த வருஷம் கம்பத்தில் 12 அடி பிளெக்ஸில் அதே படம், கீழே 'நன்றி: இணையம்'. போட்டவர்களைக் கூப்பிட்டுக் கேட்டால், "கோயில் ரெண்டு மாநிலத்துக்கும் பொதுவாச்சே சார், உங்களுக்கு என்ன உரிமை?" என்கிறார்கள். கோயிலுக்கு எனக்கு உரிமை இல்லைதான், அது யாருடைய பதிப்புரிமையும் இல்லாத பழங்கல். படம் என்னுடையது. இப்படி நியாயமெல்லாம் பேசிவிட்டு போனை வைத்த பிறகுதான் உறைத்தது, அந்தப் பெண்ணிடம் நானும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிளெக்ஸில் நின்றது அவருடைய முகம். அதனால் உங்கள் கடைக்கு வருகிற டூரிஸ்ட், தோட்டத்தில் காய் எடுக்கிற அக்காமார் எவர் முகம் தெரிந்தாலும், படம் எடுத்தவர் சம்மதம் ஒன்று, படத்தில் இருப்பவர் சம்மதம் இன்னொன்று, இரண்டும் வேண்டும். விளம்பரத்துக்கு என்று சொல்லிக் கேளுங்கள், வாட்ஸ்அப்பில் 'சரி' என்று ஒரு பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நேர் எதிர், பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுக் படம். பொங்கல் சமயத்தில் கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க அவர்தானே. 1911இல் இறந்தவர், அவர் காலத்தில் எடுத்த படத்துக்கும் 1895இல் முடிந்த பெரியாறு அணையின் கட்டுமானப் படங்களுக்கும் இன்றைக்கு உரிமை கோர ஆள் இல்லை, தாராளமாகப் போடலாம். ஆனால் அதைப் பார்த்து ஓர் ஓவியர் போன வருஷம் வரைந்த வண்ணப்படம் அந்த ஓவியருடையது. பிளெக்ஸ் கடைகளில் இந்த வித்தியாசம் யாருக்கும் தெரிவதில்லை.

இனிமேல் படத்துக்கு எங்கே போவது? கூகுளில் படம் தேடும்போது 'டூல்ஸ்' என்பதற்குள் பயன்பாட்டு உரிமை என்று ஒரு வடிகட்டி இருக்கிறது, அதில் கிரியேட்டிவ் காமன்ஸைத் தேர்ந்தெடுங்கள், ஆனால் அதையே நம்பிவிடாமல் படம் இருக்கும் பக்கத்துக்குப் போய் உரிமத்தைக் கண்ணால் பாருங்கள். சிசி என்று கண்டதும் ஓடிப்போய் எடுக்கவும் கூடாது. 'என்சி' என்று இருந்தால் வியாபாரத்துக்கு ஆகாது, உங்களுக்கு அது பூட்டிய கதவு. 'என்டி' என்றால் மாற்றக் கூடாது. 'எஸ்ஏ' சைட்டில் ஒழுங்காகப் பெயரோடு போட நல்லது, பாக்கெட் லேபிளுக்கு நான் எடுக்க மாட்டேன், அந்தப் படத்தை உங்கள் டிசைனோடு குழைத்துவிட்டால் லேபிளையே பக்கத்துக் கடைக்காரரும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிடக்கூடும். அன்ஸ்பிளாஷ், பெக்செல்ஸ், பிக்சபே என்ற இலவசப் படத் தளங்கள் மூன்றிலும் வியாபாரத்துக்கும் எடுக்கலாம், பெயர் போடும் கட்டாயமும் இல்லை. இருந்தாலும் போடுங்கள், எடுத்த அன்றைக்கே அந்தப் பக்கத்தைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்துவிடுங்கள், ஏனென்றால் அடுத்தவர் படத்தைத் தன்னுடையது என்று ஏற்றிவிடும் ஆட்கள் அங்கேயும் உண்டு. இன்ஸ்டாகிராமில் கண்டது எதையும் எடுக்க வேண்டாம், அங்கே போட்டவர் அனுமதி கொடுத்தது அந்த நிறுவனத்துக்கு, உங்களுக்கு இல்லை. ஏஐ படம் போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். விற்கிற காய்க்கு இல்லாத காயின் படம் எதற்கு?

உங்கள் கடைக்கு இவ்வளவுகூடத் தேவையில்லை, முன்னாலேயே மூட்டை மூட்டையாய்ச் சரக்கு இருக்கிறது. காலை 10 மணிக்கு ஜன்னல் ஓரம் ஒரு முறத்தில் எட்டு எம்எம் காயைப் பரப்பி, டியூப்லைட்டை அணைத்துவிட்டு, போனைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்து எடுங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் பச்சை செத்துவிடும். நாலைந்து காயை உடைத்துக் உள்ளே இருக்கும் கறுப்பு அரி (விதை) தெரிய வையுங்கள், அதைப் பார்த்துத்தான் ஆட்கள் வாங்குகிறார்கள். கை வரவில்லை என்றால் உள்ளூர் ஸ்டுடியோக்காரரைக் கூப்பிட்டுக் காசு கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள். வேறு ஒப்பந்தம் எழுதாத வரை, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்குச் சட்டப்படி சொந்தக்காரர் நீங்கள்தான். பில்லில் 'இன்ன தேதி, ஏலக்காய் மிளகுப் படங்கள், எல்லா உரிமையும் கடைக்கு' என்று ஒரு வரி எழுதி வாங்கிவிட்டால் பின்னால் பேச்சு வராது. அசல் கோப்பை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக வாங்காதீர்கள், அது அளவைக் குறைத்து, எடுத்த தேதி விவரத்தையும் அடித்துவிடும். பென்டிரைவில் வாங்குங்கள். நாளைக்கு யாராவது உங்கள் படத்தை எடுத்து 'நன்றி: கூகுள்' என்று போட்டால், நோட்டீஸ் அனுப்ப எனக்கு அந்த அசல் வேண்டும்.

டெல்லியிலிருந்து பதில் வந்ததும், நீங்களாக எதுவும் எழுதாமல், அப்படியே எனக்கு அனுப்புங்கள்.